ரதம் கடக்கும்வரை கேபிள் கார் ஓடாது

நான் அந்தப் பெட்டியில் இல்லை. இருந்தவள் ஷர்மினி, என்னோடு வாடகை வீட்டில் தங்கியிருப்பவள். ஈப்போ பழைய டவுனிலிருந்து கிளம்பி, ரயில் பாதையையும் பழைய ஈயக் குட்டைகளையும் தாண்டி எங்கள் பிளாட் பக்கம் வருகிற கேபிள் காரில், போன வருடம் அம்மன் திருவிழா அன்று சாயங்காலம், பாதி வழியில் நின்றுபோன ஒரு பெட்டிக்குள் அவள் மாட்டிக்கொண்டாள். எதிரே மாலையோடு ஒரு பெரியவர், பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு சீனர். பெரியவர் பேசியதை வீட்டுக்கு வந்து அவர் குரலிலேயே பேசிக் காட்டினாள். இரண்டு தடவை கேட்டேன். இரண்டாவது தடவை கொஞ்சம் கூடியிருந்தது. முதல் தடவை கேட்டதைத்தான் எழுதியிருக்கிறேன்.

*

...நின்னுருச்சு பாத்தியா மா. நான் சொன்னேன்ல? ஏறும்போதே சொன்னேன், இது நடுவுல எங்கயாச்சும் நிக்கும்னு. நீ காதுல அந்த வெள்ளைப் பட்டாணிய மாட்டிக்கிட்டு இருந்தே, கேட்டிருக்காது. பரவால்ல, மெதுவா கழட்டு. கழட்டிட்டியா? ஆங்.

கொஞ்சம் தள்ளி உக்காரு மா. கோவிச்சுக்காத, உன் பேக்கு மாலையில படுது. இது அம்மனுக்குப் போற மாலை. ரோசாவும் மரிக்கொழுந்தும். லிட்டல் இந்தியாவுல பாப்பா பூக்கடையில பக்கத்துலயே நின்னு கட்ட வச்சேன். நான் மோந்துகூட பாக்கல. ஆனா இந்த சீன அங்கிள் பையில என்ன வச்சிருக்காரு, தெரியுதா உனக்கு? கருவாடு லா. கேட்டேன், ஹுத்தான் மெலிந்தாங்லேருந்து வாங்கிட்டு வாராராம். ஆத்தாவுக்குப் போற மாலை கருவாட்டு வாசத்துல ஊறிக்கிட்டு இருக்கு. அவரு பாரு, வாயத் தொறந்துட்டுத் தூங்குறாரு. பெட்டி நின்னதே தெரியாது. குடுத்து வச்ச மனுசன்.

கேபிள் காருன்னா என்ன மா? நீயே சொல்லு. லங்காவிக்குப் போனோமா, கல்யாணம் ஆன புதுசுல பொண்டாட்டி கையப் புடிச்சோமா, மலையப் பாத்தோமா, போட்டோ எடுத்தோமா, எறங்கி ஐஸ் கச்சாங் தின்னோமா... அதுக்குத்தான் லா கேபிள் காரு. இங்க பாரு. காலைல பேக்டரி யூனிபார்ம், மத்தியானம் பள்ளிக்கூடப் பை, சாயங்காலம் கங்கோங் கீரையும் கருவாடும். சமையல் கேஸ் தோம்பு ஒண்ணுதான் இன்னும் ஏத்தல. தேனிலவு வண்டியப் புடிச்சு பாசார் வண்டியா ஆக்கிட்டானுங்க.

நான் டவுன் பஸ் ஓட்டுனவன் மா. இதே பிளாட்டுக்குத்தான் ஓட்டுனேன். குட்டையச் சுத்தி, தண்டவாளத்தச் சுத்தி, பாலத்தச் சுத்தி... வாந்தி எடுக்காம எறங்குனவன் கொறச்சல்தான், ஒத்துக்கறேன். ஆனா ஒரு மரியாத இருந்துச்சு. அண்ணே இங்க நிறுத்துங்கம்பான், நிறுத்துவேன். அண்ணே பொண்ணு ஓடி வருது, கொஞ்சம் இருங்கம்பான், இருப்பேன். இதுல யார்ட்ட சொல்றது? டிரைவரே இல்லயே. நின்னா திட்டுறதுக்கு முன்னால ஒரு முதுகு வேணாமா?

என் பொண்டாட்டி நவமணிக்கு ஆஸ்பத்திரில துப்புரவு வேல. தினம் இதுலதான் போறா, இதுலதான் வாரா, மாசப் பாஸ் எடுத்து வச்சிருக்கா. முன்ன என் பஸ்ஸப் புடிக்க கருக்கல்லயே எந்திரிப்பா. இப்ப விடிஞ்சப்புறம் எந்திரிச்சு, தோசை சுட்டு மூடி வச்சிட்டு, சாவகாசமா போறா. போனாப் போவட்டும், வாய வச்சிக்கிட்டு சும்மா இருக்கணும்ல? மேலேருந்து பாத்தா உங்க பஸ்ஸு நத்தை மாதிரி தெரியுதுங்கன்னா ஒரு நாளு. நத்தையாம். அந்த நத்தைதான் மா அவளுக்கு வீடு வாங்கிக் குடுத்துச்சு. அன்னிக்கே சபதம் போட்டேன், செத்தாலும் இதுல கால வைக்க மாட்டேன்னு.

இன்னிக்கு வச்சிட்டேன். முதல் தடவ. வேற வழி? ரதம் வருதுன்னு ரோட்ட மறிச்சிட்டாங்க, பஸ்ஸெல்லாம் திருப்பி விட்டாச்சு. மாலையத் தோள்ல போட்டுக்கிட்டு குட்டைய நீந்தியா வர முடியும்?

...விடு மா, அடிக்கட்டும். கட் பண்ணிடறேன். யாருமில்ல, லோன் வேணுமா லோன் வேணுமான்னு கேக்குறவனுங்க.

கீழ பாரு. இல்ல இல்ல, இந்தப் பக்கம். கண்ணாடியில மூக்க வச்சுப் பாரு. லைட்டு தெரியுதா? அதான் நம்ம ரதம். ரெண்டு பேரு மூங்கில் கழி புடிச்சிருக்கானுங்க பாரு, அது கரண்டு கம்பியத் தூக்கி விடுறதுக்கு. ரதம் உயரம், நம்ம தாமான் குடியிருப்புல கம்பி தாழ்வு. ஒவ்வொரு போஸ்டுக்கும் நின்னு, தூக்கி, தள்ளி... அதோட வீட்டுக்கு வீடு அர்ச்சனைத் தட்டு. ஆமைகூட முந்திரும். இப்ப அந்த கேட்டுகிட்ட வந்துக்கிட்டு இருக்கு பாத்தியா, அது எங்க பிளாக்கு. கேட்டுல மஞ்சச் சேல கட்டிக்கிட்டு நிக்கிறவதான் நவமணி. தட்டு வச்சிருக்கா. அவ பக்கத்துல எடம் காலியா இருக்கு பாரு... அதுதான் மா நான் நிக்க வேண்டிய எடம்.

இன்னிக்கு முதல் மரியாத எனக்கு. என் தலைல பரிவட்டம் கட்டணும், இந்த மாலை ஆத்தா கழுத்துக்குப் போவணும். எனக்கு நேரா மூஞ்சியக் காட்டி ஆத்தா நிப்பா. சின்ன விஷயம்னு நினைக்காத. நீங்கல்லாம் படிச்சவங்க, மேடையில கூப்புட்டு பட்டம் குடுத்திருப்பாங்க. எங்களுக்கு அதுதான் பட்டம்.

எங்கப்பா சுங்காய் ரப்பர் தோட்டத்துல பால் மரம் வெட்டுனவரு. திருவிழா வந்தா பரிவட்டம் கங்காணி தலைக்கு. எங்கப்பாவுக்கு என்ன வேல தெரியுமா? ரதத்துச் சக்கரத்துக்கு கட்டை போடுறது. கட்டை போடுறவன் நிமிரக் கூடாது மா. நிமிந்தா சக்கரம் கை மேல ஏறிடும். எல்லாரும் ஆத்தா மூஞ்சியப் பாப்பாங்க, எங்கப்பா சக்கரத்தப் பாப்பாரு. சாவற வரைக்கும் சக்கரத்ததான் பாத்தாரு. அப்புறம் தோட்டத்த வித்தாங்க, லயத்து வீட்டயெல்லாம் ஒடச்சாங்க, நாங்கல்லாம் ஈப்போ பக்கம் வந்தோம், ஆத்தாவையும் கூட்டிட்டு வந்தோம். மரம் போச்சு, பால் போச்சு, ஆனா பரிவட்டம் மட்டும் கங்காணி வீட்டுலயே இருந்துச்சு. இப்ப கங்காணி மகன் சுகுமாரன். என் மச்சான் லா. நவமணிக்கு அண்ணன். ஆமா, கங்காணி மகளத்தான் கட்டுனேன். அந்தக் கதைக்கு நேரமில்ல... நேரம் இருக்குது போலதான் தெரியுது, ஆனா வேணாம்.

அதோ, நவமணிக்கு இந்தப் பக்கம் பட்டு ஜிப்பா போட்டுக்கிட்டு, தோள்ல துண்டோட நிக்கிறான் பாரு. அவன்தான். எதுக்கு அங்க வந்து நிக்கிறான்? அவனுக்கு இந்த வருசம் முறையே கெடையாதே. சும்மா நிக்கிறானாம். கழுகுகூட சும்மாதான் மேல சுத்தும்.

...திரும்பவும் அடிக்குது. சுசா லா இவனுங்களோட, பெரிய தொல்ல.

ஏன் நிறுத்தி வச்சிருக்கான்னு கேக்குறியா? கரண்டு போவல. மிசின் நல்லாதான் இருக்கு. அது ஒரு சட்டம் மா. ரதம் இந்தக் கம்பிய நெருங்குனதுலேருந்து தாண்டிப் போற வரைக்கும் கேபிள் காரு ஓடக் கூடாது. சாமி தல மேல மனுசன் கால் போவக் கூடாதுல்ல? எவனோ புண்ணியவான் கூட்டத்துல எழுந்து கேட்டிருக்கான். பாதைய அளக்க வந்த ஆபீஸ்காரங்கள நிக்க வச்சு, எங்க ஆத்தா ஊர்வலம் போறப்ப மேல செருப்புக் காலோட போவியாடான்னு கேட்டிருக்கான். கூட்டம் கை தட்டிருச்சு.

இந்த சுகுமாரன் அப்பவும் எழுந்து எதிர்த்துப் பேசுனான். எப்படி தெரியுமா? கும்பாபிஷேகத்துக்கு நாமளே ஹெலிகாப்டர் வச்சு கோபுரத்து மேல பூ போட்டோமே, அப்ப பைலட்டு கால கழட்டி வீட்டுல வச்சிட்டா வந்தான்னு கேட்டான். சிரிச்சானுங்க. நான் விடல. அது பூ போட வந்துச்சுடா, இது கருவாடு ஏத்திக்கிட்டுப் போவப் போவுதுடான்னேன். அதுக்கு மேல அவனால வாயத் தொறக்க முடியல...

...

ஆமா. நான்தான். அதான் சொல்லிட்டேனே, இன்னும் என்ன அப்படிப் பாக்குறே.

தப்பாவா கேட்டேன்? நீயே சொல்லு. அந்த ஒரு பேச்சுக்குத்தான் மா என்னை செயலாளர் ஆக்குனாங்க. செயலாளர் ஆனதாலதான் பரிவட்டத்த முறை வச்சு எல்லாக் குடும்பத்துக்கும் குடுக்கணும்னு தீர்மானம் கொண்டு வந்தேன். முறை வச்சதாலதான் இந்த வருசம் எங்க குடும்பத்துக்கு வந்துச்சு. அந்தக் கேபிள் காரு இல்லன்னா எனக்குப் பரிவட்டமும் இல்ல. அது தெரியுது. அதனாலதான் வயிறு எரியுது.

பேசாம போன எடுன்னு சொல்றியா? நீயும் நவமணி மாதிரியே பேசுற.

சரி, சொல்றேன். லோன்காரன் இல்ல. கீழ கண்ட்ரோல் ரூம்ல இருக்குற மலாய்த் தம்பி. நல்ல பையன். அன்னிக்கு கூட்டத்துல அவன்தான் கேட்டான், அங்கிள், ரதம் போயிருச்சுன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்னு. நியாயமான கேள்வி. நான் என்ன சொன்னேன்... கோயில் செயலாளர் போன்ல சொல்லுவாரு, அவரு சொல்லாம ஒரு பெட்டிகூட நகரக் கூடாதுன்னேன். எழுதி வாங்கிக்கிட்டேன் லா. அவனும் அப்பலேருந்து அடிச்சிக்கிட்டு இருக்கான், ரதம் போயிருச்சா அங்கிள், ஓட்டலாமா அங்கிள்னு கேக்க. அவனுக்கு என்ன தெரியும், அங்கிள் இங்க அவன் பெட்டியிலயே கருவாட்டோட தொங்கிக்கிட்டு இருக்காருன்னு.

ம்ம். செயலாளர் ராமையா. நான்தான்.

சிரி மா, சிரி. அடக்காத, இருமல் வந்துரும்.

இப்ப சொல்லு, நான் என்ன பண்றது? ஓட்டுடான்னு சொன்னா, நானே ஆத்தா தல மேல கால வச்சிட்டுப் போவணும். நாளைக்கு சுகுமாரன் என்ன கேப்பான்? ஓட்டாதேன்னா, ரதம் எங்க வீட்டு வாசல்லயே, இந்தக் கம்பிக்கு நேர் கீழயே நிக்கிது. பரிவட்டத்துக்கு தல இல்லாம ஐயர் எவ்ளோ நேரம் காத்திருப்பாரு? பக்கத்துல ஒரு தல தயாரா நிக்குது பாரு, எண்ணெய் தேச்சு வாரி. அப்பவே சொல்லிருக்கணும். ரதம் அந்தப் பள்ளிக்கூடத்துக்கிட்ட இருந்தப்பவே போன எடுத்து, இன்னும் வரலடா, சீக்கிரம் ஓட்டுடான்னு சொல்லிருந்தா இந்நேரம் எறங்கி நின்னிருப்பேன். சட்டப்படி நடப்போம்னு நினைச்சேன். என் சட்டமாச்சே.

எங்கப்பா சக்கரத்தப் பாத்தாரு. நான் ரதத்து உச்சிக் கலசத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். ஆத்தா மூஞ்சி மட்டும் எங்க குடும்பத்துக்குக் காட்டக் கூடாதுன்னு இருக்குது போல.

...இது நவமணி. இத எடுத்துத்தான் ஆவணும். இரு மா. ஹலோ... ஆங். ஆங். மேலதான். மேலன்னா மேலடி, தலைய நிமித்திப் பாரு... கை ஆட்டாத, எல்லாரும் பாக்குறாங்க... தெரியுது, அவன் நிக்கிறது தெரியுது. எப்படிடி சொல்றது? ஆத்தா தலைக்கு மேல... ம்ம்... ம்ம்.

வச்சிட்டா.

என்ன சொன்னா தெரியுமா. "சுங்காயிலேருந்து ஆத்தாவ லாரியில ஏத்திக் கொண்டு வந்தப்ப ஹைவேல எத்தன பாலத்துக்கு அடியில வந்தீங்க? மேல எத்தன லாரி போச்சு? அந்த லாரிய ஓட்டுனது யாருங்க?"

...நான்தான் ஓட்டுனேன். வேற யாரு ஓட்டுவா? கங்காணிக்கு லைசென்சு இருந்துச்சா? ஆத்தாவ பின்னால உக்கார வச்சு, மழைக்கு தார்ப்பாய் போட்டு மூடி... ஒரு பாலத்துக்கு அடியில நிறுத்தி தேத்தண்ணிகூட குடிச்சேன். அப்ப எனக்குத் தோணவே இல்லயே மா, தல மேல என்ன போவுதுன்னு. வீடு போய்ச் சேரணும்னு மட்டும்தான் இருந்துச்சு. எனக்கும், ஆத்தாவுக்கும்.

ஐயர் துண்ட எடுக்கறாரு பாரு. சுகுமாரன் குனியறான். குனியறான் லா...

ஹலோ. யா, ராமையா. பொலே. ஜாலான். ...பொலே லா தம்பி, ஓட்டு.

மா, கால தூக்கு. சீக்கிரம். சீட்டு மேல சம்மணம் போடு. செருப்பக் கழட்டு, இங்க குடு. தரையில வச்சா ஆத்தா தலைக்கு நேரா வரும். கையில தூக்கிப் புடிச்சாலும் மேலதான் வரும்... குடு, யோசிக்க நேரமில்ல. அங்கிள், அங்கிள், காக்கி ஆங்காட். கால், கால தூக்குங்க. ஆமா, தேரு, சாமி. கருவாட்டையும் மடியில வச்சுக்குங்க. நல்ல மனுசன், ஒரு கேள்வி கேக்கல பாரு, தூக்கிட்டாரு.

நகருது. மெதுவா போடா, மெதுவா... அந்தச் சின்ன ஜன்னலத் தள்ளு மா. இன்னும். இந்தா, மாலைய புடி, நாரப் புடிச்சு உருவு. யோசிக்காத, உருவு. முழு மாலை இந்த ஓட்டையில போவாது, பூவாத்தான் போவும். போடு. போடு மா. ஆத்தா, கருவாட்டு வாசத்த மன்னிச்சுரு. பூ போடத்தான் வந்தேன்னு வச்சுக்க...

போவுது பாரு, ரோசாவா எறங்குது. கீழ பாரு மா, எல்லாத் தலையும் மேல பாக்குது. மூங்கில் கழிக்காரன்கூட கம்பிய விட்டுட்டுப் பாக்குறான். அவனும் பாக்குறான். சுகுமாரன். பரிவட்டத்தோட தலைய அண்ணாந்து என்னைப் பாக்குறான் லா. எங்கப்பா அவங்கப்பா முன்னால குனிஞ்சே கெடந்தாரு. இன்னிக்கு கங்காணி வீட்டுப் பரிவட்டம் கழுத்து வலிக்க என்னைப் பாக்குது.

ஆத்தா மூஞ்சியா? எங்க மா தெரியுது. குடைதான் தெரிஞ்சுச்சு. பரவால்ல. போறப்ப ஒரு ஓரமா மூக்குத்தி மின்னுன மாதிரி இருந்துச்சு. லைட்டாவும் இருக்கலாம்.

வந்துருச்சு ஸ்டேசன். கால எறக்கலாம். அங்கிள், சுடா, சுடா, முடிஞ்சுது, கால எறக்குங்க. நவமணி இப்ப என்ன சொல்வான்னு நினைக்கிறே? நத்தை பறந்துருச்சுன்னு சொல்லுவா. சொல்லட்டும். ஒண்ணு கேக்கணும் மா உன்கிட்ட, இந்த மாசப் பாஸ் எடுக்கறதுக்கு ஐசி கார்டு மட்டும் காட்டுனா போதுமா, இல்ல... மா? எங்க போறே? கொஞ்சம் நில்லு... உன் செருப்பு மா, உன் செருப்பு என் கையிலயே இருக்கு லா...

*

ஷர்மினி வெறுங்காலோடுதான் வீட்டுக்கு வந்தாள். அதை நானே பார்த்தேன்.

பூ நேராக அம்மன் மேல் விழுந்தது என்று அவள் சொன்னதில் எனக்குச் சந்தேகம் இருந்தது. ராமையாவின் பிளாக்கில் ஒருவர் கைப்பேசியில் எடுத்த வீடியோவைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். அன்று காற்று குட்டைப் பக்கமிருந்து அடித்திருக்கிறது. பாதிப் பூ கச்சாங் பூத்தே கடலை விற்பவரின் தட்டில் விழுகிறது. மீதியில் பெரும்பகுதி சுகுமாரனின் பரிவட்டத்தில். அம்மன் குடைமேல் சில இதழ்கள் விழுந்ததும் தெரிகிறது.

இந்த வருடத் திருவிழா நோட்டீஸ் எங்கள் மாடிப்படிச் சுவரில் ஒட்டியிருக்கிறது. அதில் புதிதாக ஒரு உபயம் சேர்ந்திருக்கிறது: "ரதம் மீது கேபிள் காரிலிருந்து பூச்சொரிதல். உபயம்: சுகுமாரன் குடும்பத்தார்." அதற்குக் கீழே பழைய விதியும் அப்படியே இருக்கிறது. ரதம் கடக்கும்வரை கேபிள் கார் ஓடாது. பெட்டியை நகர்த்தலாம் என்று செயலாளர் தொலைபேசியில் சொல்ல வேண்டும்.

கோயிலுக்கே போய்க் கேட்டேன். செயலாளர் மாறவில்லை. ராமையாதான். பூச்சொரிதல் அன்று அவர் கையில் கைப்பேசியோடு தரையில்தான் நிற்பாராம்.